கை உடைக்கும் இரும்புக்கு விடை கொடுத்தவர்

ஒரு காலத்தில் மோட்டார் காரைக் கிளப்புவது பயில்வான் வேலை. காரின் முன்னால் போய் நிற்க வேண்டும். வளைந்த இரும்புக் கம்பியைத் துவாரத்தில் சொருக வேண்டும். பலம் கொண்ட மட்டும் சுற்ற வேண்டும். என்ஜின் பிடித்துக்கொண்டால் சரி. சில சமயம் அது எதிர்ப்பக்கமாக உதறும். அப்போது கம்பி கையை அடிக்கும். மணிக்கட்டு முறியும்.

பழைய பஸ்களின் முன்னால் நின்று கிளீனர் பையன்கள் வியர்க்க வியர்க்க ஹாண்டில் போட்டதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தத் தொல்லையைத் தீர்த்து வைத்தவர் அமெரிக்கர் ஒருவர். பெயர் சார்லஸ் கெட்டரிங்.

கண் வலித்த மாணவன்

கெட்டரிங் 1876-ம் ஆண்டு ஆகஸ்ட் 29-ந் தேதி பிறந்தார். ஒஹையோ மாநிலத்தில் லவுடன்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் அவருடைய பெற்றோருக்குப் பண்ணை இருந்தது. படிப்பில் கெட்டிக்காரர். ஆனால் கண் பார்வை மோசம். சிறிது நேரம் புத்தகம் பார்த்தால் தலை வலி பிளக்கும்.

முதலில் கிராமப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தார். பிறகு சர்வகலாசாலையில் சேர்ந்தார். கண் கோளாறினால் படிப்பைப் பாதியில் விட்டார். டெலிபோன் கம்பம் நடும் கூட்டத்தோடு சேர்ந்து குழி தோண்டினார். உடம்பு தேறியதும் மறுபடி போய்ச் சேர்ந்தார். அறைத் தோழர்கள் பாடத்தை வாசிப்பார்கள். அவர் கேட்டுக் கொள்வார். 1904-ம் ஆண்டு மின்சார என்ஜினீயர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது இருபத்தேழு.

கல்லாப்பெட்டி கற்றுத் தந்த பாடம்

டேட்டன் நகரில் 'நேஷனல் காஷ் ரிஜிஸ்டர்' என்ற கம்பெனி இருந்தது. கடைகளில் வைக்கும் கல்லாப்பெட்டி இயந்திரத்தைச் செய்யும் கம்பெனி அது. கெட்டரிங் அங்கே வேலைக்குப் போனார்.

அந்த நாளில் கல்லாப்பெட்டியைக் கைப்பிடி போட்டுச் சுற்றித் திறக்க வேண்டும். அதற்கு மின்சார மோட்டார் வைக்க விரும்பினார்கள். ஆனால் மோட்டார் பெரிதாக இருந்தால் பெட்டியில் அடங்காது.

கெட்டரிங் யோசித்தார். பெட்டி திறக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு விநாடி. நாள் முழுதும் ஓடும் மோட்டார் எதற்கு? ஒரு விநாடி மட்டும் மூச்சைப் பிடித்து இழுக்கும் மோட்டார் போதாதா?

மூட்டை சுமக்கும் தொழிலாளியைப் பாருங்கள். இரண்டு மூட்டையை ஒரே தூக்கில் லாரியில் ஏற்றி விடுவார். அதையே தலையில் வைத்து நாள் முழுதும் நடக்கச் சொன்னால் முடியுமா? மோட்டாரும் அப்படித்தான். அளவுக்கு மீறிச் சுமை கொடுத்தால் அது சூடேறி எரிந்து போகும். ஆனால் சூடேறுவதற்கு நேரம் வேண்டுமே! அதற்குள் வேலை முடிந்து விட்டால் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. சின்ன மோட்டார் வைத்தார், கல்லாப்பெட்டி திறந்தது.

கொட்டகையில் ஆராய்ச்சி

கம்பெனியில் அவருடைய நண்பர் எட்வர்ட் டீட்ஸ். டீட்ஸ் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. வேலை முடிந்த பிறகு இரவில் அங்கே கூடுவார்கள். காருக்குத் தீப்பொறி கொடுக்கும் புதிய முறை அங்கேதான் பிறந்தது. காடிலாக் கார் கம்பெனித் தலைவர் ஹென்றி லேலண்ட் அதை விலைக்கு வாங்கினார். 1909-ல் 'டெல்கோ' கம்பெனி உதயமாயிற்று.

பிறகு லேலண்டிடமிருந்து அடுத்த கோரிக்கை வந்தது. கைக்கம்பி இல்லாமல் காரைக் கிளப்ப வேண்டும். வழியில் நின்றுபோன ஒரு பெண்மணியின் காரைக் கிளப்பப் போய், லேலண்டின் நண்பர் தாடையில் அடிபட்டு இறந்தார் என்றும், அந்தத் துக்கத்தில்தான் லேலண்ட் இதைக் கேட்டார் என்றும் ஒரு கதை உண்டு. கதையில் வரும் காலக் கணக்கு சரியாக இல்லை. ஆனால் கம்பியால் அடிபட்டவர்கள் ஏராளம் என்பது நிஜம்.

நிபுணர்கள் தலையை ஆட்டினார்கள். காரணம் இருந்தது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். எப்படி எதிர்த்துத் தள்ளுகிறது! என்ஜினின் சிலிண்டரிலும் அதே கதைதான். காற்றையும் பெட்ரோல் ஆவியையும் பிஸ்டன் நசுக்கினால்தான் தீப்பொறி பட்டு வெடிக்கும். சிலிண்டர் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு எதிர்ப்பு. குளிர் நாட்டில் எண்ணெயும் பாகு போல் இறுகியிருக்கும். இதையெல்லாம் மீறிச் சுற்ற, கார் என்ஜின் அளவுக்கே மோட்டார் வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள்.

கெட்டரிங்குக்குக் கல்லாப்பெட்டி ஞாபகம் வந்தது. என்ஜின் கிளம்பவும் சில விநாடிதானே! சின்ன மோட்டார் எடுத்தார். பல் சக்கரங்களால் அதன் வேகத்தைக் குறைத்து, முறுக்கு விசையைப் பெருக்கினார். என்ஜின் ஓட ஆரம்பித்ததும் அதே மோட்டார் டைனமோவாக மாறி, செலவான மின்சாரத்தைப் பாட்டரிக்குத் திருப்பித் தரும்படி செய்தார். 1911 பிப்ரவரியில் காடிலாக் கார் கைபடாமல் கிளம்பியது. 1912-ம் வருஷக் கார்களில் அது விற்பனைக்கு வந்தது. காரைக் கிளப்பப் பிறர் கையை எதிர்பார்த்திருந்த பெண்களும் வயோதிகர்களும் தாங்களே ஓட்டிச் சென்றார்கள்.

மோட்டார் சைக்கிளில் பலிக்கவில்லை

காரில் பலித்தது மோட்டார் சைக்கிளில் உடனே பலிக்கவில்லை. 'இந்தியன்' என்ற கம்பெனி 1914-ல் முயன்று பார்த்தது. (பெயர்தான் இந்தியன், கம்பெனி அமெரிக்காவில்!) சுமார் 1,000 சி.சி. உள்ள இரட்டை சிலிண்டர் வண்டிக்கு மின்சார ஸ்டார்ட்டரும் இரண்டு பாட்டரியும் வைத்தார்கள். பெரிய சிலிண்டரைச் சுற்ற மின்சாரம் ஏராளமாக வேண்டும். காரில் கனமான பாட்டரிக்கு இடம் உண்டு. இரண்டு சக்கர வண்டியில் ஏது? சாலைக் குலுக்கலையும் அந்தப் பாட்டரிகள் தாங்கவில்லை. அந்த மாடல் நின்று போயிற்று. சவாரிக்காரர்கள் காலால் உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.

வெற்றியும் பழியும்

டெல்கோவை 1916-ல் விற்ற கெட்டரிங், பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலைவரானார். 1947 வரை அந்தப் பதவியில் இருந்தார். எல்லாமே வெற்றி அல்ல. தண்ணீர் இல்லாமல் காற்றால் குளிரும் காரை அவர் மிகவும் நம்பினார். அது 1923-ல் படுதோல்வி அடைந்தது. விற்ற கார்களைத் திரும்பப் பெற்றார்கள். மனம் நொந்து விலகிக்கொள்ளவும் முன்வந்தார். தலைவர் ஸ்லோன் விடவில்லை.

இன்னொரு பழி பெரிது. என்ஜின் 'டக் டக்' என்று தட்டுவதற்கு அவருடைய தீப்பொறி முறையே காரணம் என்று சிலர் குற்றம் சொன்னார்கள். அதைத் தீர்க்க மருந்து தேடினார். அவருடைய உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லி 1921-ல் ஈயக் கலவையைக் கண்டுபிடித்தார். தட்டுவது நின்றது. ஆனால் 1924-ல் அதைத் தயாரித்த தொழிலாளர்களில் சிலர் நஞ்சு ஏறி இறந்தார்கள். அப்போதும் கெட்டரிங் அதை ஆதரித்தே நின்றார். அந்தப் பெட்ரோல் உலகம் முழுவதும் புகையாகப் பரவியது. கார்களுக்கு அதை விற்பது கடைசி நாட்டிலும் நின்றது 2021-ல்தான். கண்டுபிடித்து நூறு ஆண்டு!

மனைவி ஆலிவ் 1946-ல் புற்றுநோயால் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்லோனும் கெட்டரிங்கும் பெயர் கொடுத்து நியூயார்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியிருந்தது. 1958 நவம்பர் 25-ந் தேதி டேட்டனில் கெட்டரிங் காலமானார். வயது 82.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1965-ல், ஹார்லி டேவிட்சன் கம்பெனி 1,200 சி.சி. இரட்டை சிலிண்டர் வண்டிக்கு மின்சார ஸ்டார்ட்டர் வைத்தது. ஆறு வோல்ட் போதாது என்று பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறினார்கள். பாட்டரியையும் பெரிதாக்கினார்கள். பொத்தானை அழுத்தினால் வண்டி கிளம்பியது. ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று, காலால் உதைக்கும் கிக்கரையும் பக்கத்திலேயே விட்டு வைத்தார்கள்.