தச்சன் பேரன் கண்ட மோட்டார் வண்டி

பெயரை நாள்தோறும் உச்சரித்துக்கொண்டு, பெயருக்குரியவரை அறியாதிருத்தல் உலக வழக்கு. டொயோட்டா என்னும் பெயரும் அத்தகையதே. இறக்குவானை தொடங்கித் தெரணியகலை வரை, பலாங்கொடை தொடங்கி எட்டியாந்தோட்டை வரை, சபரகமுவ மாகாணத்துத் தோட்டப் பாதைகளில் அப்பெயர் தாங்கிய வண்டி ஓடாத நாளில்லை. கதிர்காம யாத்திரைக்கு நாம் அமர்த்தும் வானும் அதுவே. நள்ளிரவிலே நோயாளியை ஏற்றிக்கொண்டு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் பெரும்பாலும் அதுவே. அவ்வண்டியைப் பெற விரும்பும் வாலிபர் பலர். அதனை உலகுக்கு அளித்தவரின் சரிதத்தை அறிந்தோர் சிலர். அவர் பெயர் கீச்சிரோ டொயோடா. வெற்றியின் பயனைத் தம் கண்ணாற் காணாமலே கண்மூடிய அப்பெரியாரின் வாழ்க்கை, நம்மனோர் அறியத்தக்கது.

தந்தையின் தறி

கீச்சிரோவின் கதை அவர் தந்தையார் சாக்கிச்சியிடமிருந்தே தொடங்குகிறது. சாக்கிச்சி 1867ஆம் ஆண்டு, ஜப்பானிலே இன்றைய ஷிசுவோக்கா மாகாணத்திலுள்ள ஒரு சிற்றூரில், ஏழைத் தச்சரொருவரின் மகனாகப் பிறந்தார். தந்தையிடம் தச்சுத்தொழில் பயின்றவாறே, ஊர்ப் பெண்கள் கைத்தறியிலே நாளெல்லாம் வருந்துவதைக் கண்டார். தம் அன்னையும் அவ்வாறு வருந்துவதைக் கண்டு, அத்துயரைக் குறைக்க வழி தேடினார். ஆங்கில நாட்டு ஸ்மைல்ஸ் என்பார் எழுதிய தன்முயற்சி பற்றிய நூலின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு, அவர் உள்ளத்திலே கனலை மூட்டிற்று. 1890இல் தோக்கியோ நகரிலே நடைபெற்ற தொழிற் கண்காட்சிக்கு நாள் தவறாது சென்று யந்திரங்களையே பார்த்து நின்றார். மறு ஆண்டிலே, தாம் அமைத்த மரக் கைத்தறிக்கு அரசாங்கக் காப்புரிமை பெற்றார்.

பின்னர் விசைத்தறி அமைத்தார். நூல் அறுந்த கணமே தறி தானாக நின்றுவிடும்படி செய்தமை அவருடைய அருஞ்சாதனையாகும். அறுந்த நூலோடு தறி ஓடினால் துணி முழுவதும் பழுதாகும். நின்றுவிட்டால் பழுது அவ்விடத்தோடு முடியும். தறியருகே ஓயாது காவல் நிற்க வேண்டிய தொழிலாளி, அதனால் விடுதலை பெற்றுப் பல தறிகளை மேற்பார்வை செய்யலானார். பிழை கண்ட இடத்திலே நின்று திருத்துக என்னும் இக்கொள்கை, பிற்காலத்தில் மோட்டார்த் தொழிற்சாலைக்கும் அடிப்படையாயிற்று.

இளமையும் கல்வியும்

கீச்சிரோ 1894ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆந் தேதி பிறந்தார். மகன் பிறந்த சிறிது காலத்தில் தாயார் வீட்டைவிட்டு நீங்கினார். தந்தையாரோ தறியே கதியென ஊர் ஊராய்த் திரிந்தார். எனவே, குழந்தை பாட்டனார் பாட்டியார் அரவணைப்பிலே முதலில் வளர்ந்தது. வாய் பேசுவது சிறிதாயும் சிந்திப்பது பெரிதாயும் அமைந்த இயல்பு அவருக்கு இளமையிலேயே வாய்த்தது போலும்.

தோக்கியோ ஏகாதிபத்திய சர்வகலாசாலையில் யந்திரப் பொறியியல் கற்று 1920இல் பட்டம் பெற்றார். தந்தையாரின் நெசவாலையிலே சேர்ந்தபின், அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பயணமாகி, இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் பிளாட் சகோதரர் யந்திரசாலையில் பணியாளரோடு பணியாளராய் நின்று தொழில் பழகினார். நாளுக்கு மும்முறையேனும் கையிலுள்ள எண்ணெயைக் கழுவ நேராதவன் பொறியியலாளன் ஆகான் என்பது அவர் கொள்கை. சர்வகலாசாலைப் பட்டத்தைக் கையழுக்குப் படாதிருக்கும் உரிமைச் சீட்டாகக் கருதுவோர் நம்மிடையே இன்றும் உளர். அவர்கள் இதனைச் சற்றே சிந்திப்பார்களாக.

1924இல் ஓட்டம் நில்லாமலே நாடாவை மாற்றிக்கொள்ளும் தானியங்கித் தறி நிறைவெய்தியது. அதன் ஆக்கத்தில் மைந்தருக்கும் பெரும்பங்குண்டு. 1929இல் அத்தறியின் உரிமையை, தாம் தொழில் பழகிய அதே பிளாட் சகோதரருக்கு 1,00,000 பவுணுக்கு வழங்க உடன்படிக்கையாயிற்று. முன்னர் மாணவனாய்ச் சென்ற இடத்துக்கே ஆசிரியனாய்த் திரும்பியதற்கு இதனை ஒப்பிடலாம்.

மோட்டார் வேட்கை

1923ஆம் ஆண்டு தோக்கியோவைப் பெரும் பூகம்பம் அழித்தது. புகைவண்டிப் பாதைகள் சிதைந்தன. அப்போது நகரத்தார் அமெரிக்காவிலிருந்து போர்ட் வண்டிகளைத் தருவித்தே பிரயாணத்தைச் சீர்செய்தனர். அதன்பின் போர்ட் நிறுவனம் யோக்கஹாமாவிலும், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஒசாக்காவிலும் தொழிற்சாலை அமைத்தன. ஜப்பானியத் தெருக்களில் ஓடியவை பெரும்பாலும் அந்நிய வண்டிகளே. தம் நாட்டவர் தம் அறிவாலும் கையாலும் வண்டி செய்தல் வேண்டும் என்ற வேட்கை கீச்சிரோவைப் பற்றிக்கொண்டது. தாம் தறி செய்தமை போல மகன் மோட்டார் செய்தல் வேண்டுமெனத் தந்தையார் விரும்பினார் என்று அந்நிறுவனத்தார் சொல்லி வருவர். சாக்கிச்சி 1930ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி காலமானார்.

1933இல் தறித் தொழிற்சாலைக்குள்ளேயே மோட்டார்ப் பகுதி தொடங்கிற்று. நிறுவனத்தை நடாத்திய மைத்துனர் ரிசாபுரோ, செலவை எண்ணித் தயங்கினார், முடிவிலே இணங்கினார். செவ்ரோலே வண்டியொன்றை வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றி ஆராய்ந்தனர். தறிக்கு இரும்பு வார்த்துப் பழகிய கைகளும் எஞ்சினின் உருளைப் பெட்டியை வார்க்கையில் தடுமாறின. வார்த்தவற்றுள் பெரும்பாலானவை பழுதாகி மீண்டும் உலைக்கே சென்றன. 1934இல் முதல் எஞ்சினும், 1935 மே மாதத்தில் முதல் மாதிரிக் காரும், அவ்வாண்டு நவம்பரில் ஜீ-1 லொறியும் உருவாயின.

அந்த லொறி அடிக்கடி பாதையிலே நின்றது. வெட்கத்தால் தலைமறையாது, வண்டி நின்ற இடந்தோறும் ஆட்களை அனுப்பினார் கீச்சிரோ. தாமும் சென்று வண்டியின் கீழே படுத்துப் பழுதைப் பார்த்தார். உடைந்த உறுப்பு ஏன் உடைந்தது என்பதை அறிந்து மறுவண்டியில் திருத்தினார். விற்பனைக்குப் பொறுப்பாயிருந்த காமியா என்பாரும், வாங்குவோர் நலனே முதலாவது, செய்வோர் நலன் இறுதி என்ற நெறியைக் கைக்கொண்டார். இன்று டொயோட்டா வண்டி வழியில் நிற்காது என மக்கள் நம்புகின்றனர். அந்நம்பிக்கைக்கு வித்திட்டது, அன்று வழியில் நின்ற லொறியே.

பெயரும் முறையும்

1936இல் வண்டிக்குப் பெயரிடப் போட்டி வைத்தனர். ஏறக்குறைய 27,000 பெயர்கள் வந்தன. செழித்த வயல் என்னும் பொருளுடைய டொயோடா என்ற குலப்பெயர், ஒலியிற் சிறிது மாறி டொயோட்டா ஆயிற்று. ஜப்பானிய எழுத்தில் அது எட்டுக் கோடுகளாலானது. எட்டு அந்நாட்டவர்க்கு மங்கல எண். 1937 ஓகஸ்ட் 28ஆந் தேதி மோட்டார்க் கம்பனி தனியே நிறுவப்பட்டது. மறு ஆண்டு கொறொமோ என்ற ஊரில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. அவ்வூரே 1959இல் டொயோட்டா நகரெனப் பெயர் மாறியது.

அங்கே கீச்சிரோ புதிய முறையொன்றை வகுத்தார். வேண்டிய உறுப்பு, வேண்டிய அளவில், வேண்டிய நேரத்தில் மட்டுமே வரவேண்டும் என்பதே அம்முறை. தோட்டத்திற் பிறந்த நமக்கு இது விளங்காததன்று. பறித்த கொழுந்து நிறுவைக் கொட்டிலிலே குவிந்து கிடந்தால் சூடேறிக் கெடும். வெட்டிய றப்பர்ப்பால் நேரந் தாழ்த்தால் உறைந்துபோம். இரும்புறுப்பு கெடாதாயினும், குவிந்து கிடக்குமாயின் முதல் முடங்கும். பிழையும் மறைந்து கிடக்கும். இக்கருத்தைப் பின்வந்தோர் விரித்து வளர்க்க, உலகத் தொழிற்சாலைகள் பலவும் இன்று அதனைக் கற்கின்றன.

சோதனைக் காலம்

1941இல் கீச்சிரோ தலைவரானார். மக்களுக்குச் சிறிய கார் செய்ய விழைந்தவர், யுத்தத்தின் பொருட்டு இராணுவ லொறிகளையே செய்ய நேர்ந்தது. 1945 ஓகஸ்ட் 14ஆந் தேதி, யுத்தம் முடிவதற்கு முதல்நாள், தொழிற்சாலையின் காற்பங்கு குண்டுவீச்சால் அழிந்தது. தொழிலாளர் குடும்பங்கள் பட்டினி கிடத்தலாகாதென எண்ணி, மோட்டார் அல்லாத பிற தொழில்களையும் அவர் ஆராய்ந்தார்.

1949இல் ஜப்பானிய அரசாங்கம் பணவீக்கத்தை அடக்க முனைந்தது. வண்டி வாங்கியோர் பணந்தர இயலாராயினர். கம்பனி கடனில் ஆழ்ந்தது. ஊதியத்திற் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கத் தொழிலாளர் இசைந்தனர். எவரையும் நீக்குவதில்லையெனக் கீச்சிரோ எழுத்திலே வாக்களித்தார். ஆனால், கடன் கொடுத்த வங்கிகள் ஆட்குறைப்பை வற்புறுத்தின. 1950 ஏப்ரிலில் வேலைநிறுத்தம் மூண்டது. வாக்கைக் காத்தால் கம்பனி மாளும். கம்பனியைக் காத்தால் வாக்கு மாளும். இவ்விரு நெருப்புக்கும் நடுவே நின்ற அவர், 2,000க்கு மேற்பட்டோர் வேலை துறந்து செல்ல நேர்ந்த அவ்வேளையில், தாமும் ஜூன் 5ஆந் தேதி பதவி துறந்தார். தொழிலாளர் மட்டும் துன்புறத் தலைவன் நாற்காலியில் வீற்றிருத்தல் தகாதெனக் கொண்டார் அவர். அவர் துறவு அவர்தம் வேலையை மீட்டுத் தரவில்லை என்பதும் உண்மையே. எனினும், ஆட்குறைப்பின் வேதனையைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த தோட்டத்து மக்களாகிய நாம், அச்செயலின் அருமையை உணர்வோம்.

விதியின் விளையாட்டை என்னென்பது! இருபது நாட்கள் கழித்து, ஜூன் 25ஆந் தேதி கொரிய யுத்தம் தொடங்கிற்று. அமெரிக்கப் படையினர் ஆயிரக்கணக்கில் லொறிகளுக்குக் கட்டளையிட, கம்பனி பிழைத்தது. மீண்டும் தலைமை ஏற்குமாறு 1952இல் அவரை அழைத்தனர், அவரும் இசைந்தார். ஆனால் அவ்வாண்டு மார்ச் 27ஆந் தேதி, மூளையில் இரத்தம் கசிந்து, 57ஆம் வயதிலே அமரரானார்.

விதைத்தவரும் விளைவும்

அவர் கனவு கண்ட பயணிகள் கார், கிரவுண் என்ற பெயருடன் 1955இல் வெளிவந்தது. 1966இல் கொரோலாவும் 1967இல் ஹைஏஸ் வானும் பிறந்தன. 2021க்குள் கொரோலா மாத்திரம் 5 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. கரடுமுரடான பாதைக்கென வந்த லாண்ட் குரூசரின் மூலவண்டி 1951இல், கீச்சிரோ உயிரோடிருந்த காலத்திலேயே, பூஜி மலைச்சரிவில் ஆறாவது நிலையம் வரை ஏறிற்று.

நம் நாட்டார் இவ்வண்டிகளை விரும்புவதற்குக் காரணங்கள் பல. ஜப்பானிலும் இடப்புறமாகவே வண்டி ஓட்டுவர். ஆதலால் அங்கு ஓடிய வண்டி, சுக்கான் மாற்றாமலே இங்கு ஓடும். உதிரிப்பாகம் பஞ்சிகாவத்தையிற் கிடைக்கும். பழுது பார்க்கச் சிற்றூர்க் கராஜ் பாஸும் அறிவார். விற்க நேரினும் விலை அதிகம் குன்றாது. கொரோலாவை 121, 141 என எண்ணாலும், பழைய ஹைஏஸை டொல்பின் எனச் செல்லப் பெயராலும் அழைப்பது நம்மவர் வழக்கம். 2020இல் வாகன இறக்குமதி தடைப்பட்டு 2025இல் மீளத் திறக்கப்படும் வரை, பழைய வண்டியையும் பொன் போலப் போற்றினர்.

வாலிபர்களே! ஆயுத பூசையன்று வண்டிக்குச் சந்தனம் பூசி மாலை சூட்டுகிறோம். கருவியை வணங்கும் நாம், கருவி செய்யும் கையையும் மதித்தல் வேண்டும். எண்ணெய் படிந்த உடையோடு கராஜிலே தொழில் பழகும் நம் தம்பியை இழிவாக நோக்குதல் தகுமா? தச்சன் மகன் தறி கண்டான். தச்சன் பேரன் மோட்டார் கண்டான். பயனை எதிர்பாராது கருமம் ஆற்றுக என்பது கீதை காட்டும் வழி. அதனைப் படித்திராத ஜப்பானியர் ஒருவர் அவ்வழியே வாழ்ந்து காட்டினார். படிக்கும் பேறு பெற்ற நாம், பிறர் செய்த வண்டியில் ஏறிச் செல்வதோடு அமையாது, செய்யும் ஆற்றலையும் பெறுவோமாக.