விலகி நின்ற புள்ளி

சென்ற பருவத்தில் வேதியியல் ஆய்வகத்தில் எனக்கு ஒரு சபலம் வந்தது. வரைபடத்தில் ஏழு புள்ளிகள். ஆறு நேர்கோட்டில் அமர்ந்தன. ஒன்று மட்டும் விலகி நின்றது. அதை அழித்துவிட்டால் அறிக்கை அழகாக இருக்கும். அந்த வாரம்தான் நான் வில்லார்ட் லிப்பியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

லிப்பி 1908-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1933-இல் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே விரிவுரையாளரானார். இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்தில் யுரேனியத்தைப் பிரிக்கும் ஆய்வில் ஈடுபட்டார். போர் முடிந்த 1945-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்திற்கு வந்தார்.

அங்குதான் அவர் காலத்தை அளக்கும் வழியைக் கண்டார். அண்டக் கதிர்களால் வளிமண்டலத்தில் கார்பன்-14 உருவாகிறது. தாவரங்கள் அதை எடுத்துக்கொள்கின்றன. அவற்றைத் தின்னும் உயிர்களுக்கும் அது போய்ச் சேர்கிறது. உயிர் பிரிந்ததும் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் தொடரும். சுமார் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். மிச்சத்தை அளந்தால், அந்த உயிர் எப்போது மடிந்தது என்று கணக்கிடலாம்.

இயற்கையில் கார்பன்-14 உண்மையிலேயே இருக்கிறதா? அதை அறிய, பால்டிமோர் நகரக் கழிவுநீர் நிலையத்தின் மீத்தேன் வாயுவை லிப்பியின் குழு சோதித்தது. அதில் கார்பன்-14 இருந்தது. பல கோடி ஆண்டுகள் பழைய பெட்ரோலியத்திலிருந்து எடுத்த மீத்தேனில் இல்லை. அடுத்து, வயது ஏற்கெனவே தெரிந்த எகிப்தியக் கல்லறை மரத்துண்டுகளை அளந்தார்கள். 1949-இல் வெளியான முடிவுகள் பெருமளவு பொருந்தின. 1960-இல் லிப்பிக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கதை இத்துடன் முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் லிப்பியின் கணக்கு ஓர் அனுமானத்தின் மேல் நின்றது: காற்றில் கார்பன்-14-இன் அளவு எக்காலத்திலும் ஒன்றுதான். அளவீடுகள் நுட்பமாக ஆக, பழைய எகிப்தியப் பொருள்கள் அவற்றின் உண்மையான வயதைவிட இளமையாகத் தெரிந்தன. அந்த விலகலை யாரும் அழித்துவிடவில்லை. மரவளையங்களை எண்ணி ஒப்பிட்டபோது, அனுமானம் முழுவதும் சரியல்ல என்பது புரிந்தது.

மரவளையங்கள் எட்டாத காலத்திற்கு ஏரிகள் உதவின. ஜப்பானின் ஃபுக்குய் மாநிலத்தில் உள்ள சுய்கெட்சு ஏரியின் அடியில், ஆண்டுக்கு ஒரு வெளிர் அடுக்கும் ஒரு கருமை அடுக்கும் படிந்துள்ளன. அடுக்கை எண்ணினால் ஆண்டு தெரியும். அதே அடுக்கில் புதைந்த இலையில் கார்பன்-14-ஐ அளந்தால், அக்காலக் காற்றில் அது எவ்வளவு இருந்தது என்பதும் தெரியும். இவ்வாறு 50,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு திருத்தப் பட்டியல் கிடைத்தது. அது 2012-இல் வெளியானது. சில காலங்களில் திருத்தம் பல ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டுகிறது.

1980-இல் மறைந்த லிப்பி அந்தப் பட்டியலைப் பார்க்கவில்லை. அதனால் அவருடைய புகழ் குறையவும் இல்லை. அவர் தந்த கடிகாரத்திற்கு மற்றவர்கள் நேரம் திருத்திக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

என் ஏழாவது புள்ளியை நான் அழிக்கவில்லை. சோதனையை மறுபடி செய்தேன். கரைசலில் நீரைக் கூடுதலாகச் சேர்த்தது நான்தான் என்று தெரிந்தது. அதையும் அறிக்கையில் எழுதினேன். மதிப்பெண் சற்றுக் குறைந்தது. ஆனால் அந்த வரைபடத்தை இன்றும் கூச்சமில்லாமல் யாரிடமும் காட்டுவேன்.