கொரில்லா பார்க்க ருவாண்டா போறீங்களா? அதுக்கு முன்னாடி டயான் ஃபாஸியைத் தெரிஞ்சுக்கோங்க!

மலைக் கொரில்லாவைக் காட்டுக்குள் நேரில் பார்க்கணும் என்று திட்டம் போடுபவர்களுக்கு முதல் அதிர்ச்சி அதன் கட்டணம்தான். ருவாண்டாவில் வெளிநாட்டுப் பயணி ஒருவருக்கான பெர்மிட் 1,500 டாலர். நம்ம கணக்கில் ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கும் மேல். விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் தனி. இவ்வளவு கொடுத்தால் கிடைப்பது? கொரில்லாக் குடும்பம் ஒன்றுடன் ஒரே ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்துக்கும் ஏகப்பட்ட கண்டிஷன். ஒரு குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு 8 பேருக்குத்தான் அனுமதி. 15 வயதுக்குக் கீழே என்றால் கிடையாது. சளி, இருமல் இருந்தால் பாதியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பல மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும்.

சரி, 150 கிலோவுக்கும் மேல் எடையுள்ள ஒரு காட்டு விலங்கு, தன் குட்டிகளுக்கு எதிரே 8 மனிதர்கள் வந்து நிற்பதை ஏன் பொறுத்துக்கொள்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் ஒரு பெண்ணின் கதையில் போய் நிற்கும். டயான் ஃபாஸி. இதில் ஒரு முரண் இருக்கிறது. கொரில்லாக்களை மனிதர்களுக்குப் பழக்கிய அவருக்கு, சுற்றுலாப் பயணிகள் என்றாலே பிடிக்காது.

யார் இந்த டயான் ஃபாஸி?

1932 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அம்மா மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தந்தை வீட்டில் பாசத்தைவிட கண்டிப்புதான் அதிகம். டயானுக்கு விலங்குகள் மேல்தான் உயிர்.

கால்நடை மருத்துவராக வேண்டும் என்பது ஆசை. ஆனால் கல்லூரியில் வேதியியலும் இயற்பியலும் காலை வாரிவிட்டன. தொழில்வழி சிகிச்சைப் படிப்புக்கு மாறி, 1954-ல் பட்டம் வாங்கினார். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான மருத்துவமனையில் வேலை. கொரில்லாவுக்கும் இவருக்கும் அதுவரை எந்தச் சம்பந்தமும் இல்லை.

கடன் வாங்கிப் போன டூர்

1963-ல் வங்கியில் கடன் வாங்கி ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பினார். ஏழு வாரப் பயணம். கடன் தொகை அவருடைய ஓராண்டுச் சம்பளத்துக்கு ஏறக்குறைய சமம். இன்று கொரில்லா ட்ரெக்கிங்குக்காக இரண்டு, மூன்று வருஷம் சேமிப்பவர்களுக்கு இது புரியும்.

அந்தப் பயணத்தில் இரண்டு விஷயங்கள் நடந்தன. தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில், மனிதனின் தோற்றத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த லூயிஸ் லீக்கியைச் சந்தித்தார். அங்கேயே வழுக்கி விழுந்து கணுக்காலையும் உடைத்துக்கொண்டார். உடைந்த காலோடு காங்கோவின் விருங்கா மலைக்கு ஏறி, கபாரா என்ற இடத்தில் முதல்முறையாக மலைக் கொரில்லாக்களைப் பார்த்தார். ஊர் திரும்பினார். மனசு திரும்பவில்லை.

1966-ல் லீக்கி ஓர் உரைக்காக லூயிவில் வந்தபோது டயான் மறுபடி போய்ப் பார்த்தார். நீண்டகாலக் கொரில்லா ஆய்வுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார் லீக்கி. சிம்பன்சிகளை ஆராய ஜேன் குடாலை அனுப்பியவரும் இவர்தான். மலைக்குப் போவதற்கு முன் குடல்வாலை அறுவை சிகிச்சையில் எடுத்துவிட வேண்டும் என்று டயானிடம் சொன்னார். டயானும் எடுத்துக்கொண்டார். பிறகு வந்த கடிதத்தில், உறுதியைச் சோதிக்கத்தான் அப்படிச் சொன்னதாக எழுதியிருந்தார் லீக்கி!

துப்பாக்கி முனையில் இறக்கப்பட்டவர்

1967 தொடக்கத்தில் கபாராவில் கூடாரம் போட்டார் டயான். ஆனால் காங்கோவில் உள்நாட்டுக் கலவரம் முற்றியது. அந்த ஜூலையில் ராணுவ வீரர்கள் வந்து அவரை மலையிலிருந்து இறக்கிக் காவலில் வைத்தார்கள். வண்டிப் பதிவு வேலையைக் காரணம் காட்டி, எல்லை தாண்டி உகாண்டாவின் கிசோரோ ஊருக்குப் போய்த் தப்பினார்.

வேறு யாராக இருந்தாலும் அடுத்த விமானத்தைப் பிடித்திருப்பார்கள். டயான் அதே மலைத்தொடரின் ருவாண்டா பக்கம் போனார். 1967 செப்டம்பர் 24 அன்று, கரிசிம்பி, விசோகே என்ற இரண்டு எரிமலைகளுக்கு நடுவே, சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் முகாம் அமைத்தார். இரண்டு மலைகளின் பெயரையும் சேர்த்து வைத்த பெயர்தான் கரிசோகே. எப்போதும் மழை, சேறு, குளிர். அவருக்கு உயரம் என்றால் பயம் வேறு. சிகரெட்டால் நுரையீரலும் பாழாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் கிட்டத்தட்ட 18 ஆண்டுகள், இடைவெளிகள் இருந்தாலும், அந்த மலைதான் அவருடைய வீடு.

கொரில்லாவை நெருங்கியது எப்படி?

ஆரம்பத்தில் மனிதரைப் பார்த்தாலே கொரில்லாக்கள் ஓடின. மனிதன் என்றால் ஈட்டி, நாய், கண்ணி என்பதுதான் அவற்றின் அனுபவம். டயான் கையாண்ட வழி எளிமையானது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. நிமிர்ந்து நடக்காமல் கைமுட்டியை ஊன்றித் தவழ்ந்து போவார். கொரில்லாக்கள் தின்னும் செடியைத் தானும் மெல்லுவார். அவை நிம்மதியாக இருக்கும்போது எழுப்பும் உறுமலை அப்படியே திருப்பிச் செய்வார். உடம்பைச் சொறிந்துகொள்வார். நாள் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில், வருடக் கணக்கில்.

ஒவ்வொரு கொரில்லாவின் மூக்குச் சுருக்கமும் தனி வடிவம். அதை வரைந்து வைத்து அடையாளம் கண்டு, பெயரும் வைத்தார். 1970-ல் பீனட்ஸ் என்ற ஆண் கொரில்லா தானாகக் கை நீட்டி அவருடைய கையைத் தொட்டது. அதே ஆண்டு ஜனவரியில் நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டையில் டயான் வந்தார். மார்பில் அடித்துக்கொண்டு கொல்ல வரும் பூதம் என்று சினிமா காட்டிய விலங்கு, குடும்பத்தோடு இலை தின்று வாழும் சாதுவான உயிர் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது.

டிஜிட்: மாறிப்போன வாழ்க்கை

கொரில்லாக்களில் டயானுக்கு ரொம்ப நெருக்கம் டிஜிட். ஒரு விரலில் காயம் இருந்ததால் அந்தப் பெயர். ருவாண்டா சுற்றுலாத் துறையின் போஸ்டரில் இடம்பிடித்த கொரில்லாவும் டிஜிட்தான்.

1977 டிசம்பர் 31. வேட்டைக்காரர்களும் நாய்களும் சூழ்ந்தபோது, குடும்பம் தப்பிக்கும்வரை டிஜிட் தனியாக எதிர்த்து நின்றது. ஈட்டிகளால் குத்திக் கொன்று, தலையையும் கைகளையும் வெட்டி எடுத்துப் போனார்கள்.

காட்டில் வைக்கப்பட்ட பெரும்பாலான கண்ணிகள் மான், காட்டெருமைக்கானவை. அதில் கொரில்லாக்களின் கை, கால் சிக்கி, புண் அழுகிச் செத்தன. இன்னொரு பக்கம் வெளிநாட்டு உயிரியல் பூங்காக்களுக்குக் குட்டி பிடிப்பது, தலையையும் கைகளையும் நினைவுப்பொருளாக விற்பது என்று ஒரு சந்தை இருந்தது. ஒரு குட்டியைப் பிடிக்க, அதைக் காக்க வரும் பெரியவற்றைக் கொல்ல வேண்டும். 1978 ஜூலையில் டிஜிட்டின் குழுத் தலைவன் அங்கிள் பெர்ட்டும், மாச்சோ என்ற பெண் கொரில்லாவும் கொல்லப்பட்டன.

டிஜிட் பெயரில் நிதி திரட்டி, கண்ணிகளை அழிக்கும் ரோந்தைப் பலப்படுத்தினார் டயான். இன்றைய டயான் ஃபாஸி கொரில்லா நிதியத்தின் ஆரம்பம் அதுதான்.

ஹீரோவா, வில்லியா?

இதற்குப் பிறகான டயானைப் பற்றிப் பேசும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள். அவர் முகமூடி போட்டு வேட்டைக்காரர்களை மிரட்டினார். பிடிபட்டவர்களை அடித்தார். பூங்காவுக்குள் மேய வந்த மாடுகளை விரட்டினார். ஒரு வேட்டைக்காரரின் குழந்தையைப் பிடித்து வைத்தார் என்ற குற்றச்சாட்டும் உண்டு.

அடிவாரத்து மக்களின் நிலையையும் பார்க்க வேண்டும். ருவாண்டா சின்ன நாடு, மக்கள் நெருக்கமோ அதிகம். பூங்கா எல்லை வரைக்கும் வயல்தான். 1960-களின் கடைசியில் பூச்சிக்கொல்லிக்கான பைரெத்ரம் பூ பயிரிட, பூங்காவிலிருந்தே பெரும்பகுதி நிலம் எடுக்கப்பட்டது. பசித்த விவசாயிக்கு, வெளிநாட்டுப் பெண் ஒருவர் மாட்டை விரட்டி விலங்கைக் காப்பாற்றுவது எப்படித் தெரிந்திருக்கும்? டயான் இந்தப் பக்கத்தை அதிகம் யோசிக்கவில்லை என்பதுதான் அவர்மீதான முக்கியமான விமர்சனம்.

சுற்றுலா ஏன் பிடிக்கவில்லை?

1979-ல் மலைக் கொரில்லா திட்டம் தொடங்கியது. இதற்கு வழிகாட்டியவர்கள் பில் வெபர், ஏமி வெடர் தம்பதி. டயானின் முகாமிலேயே வேலை செய்தவர்கள். பூங்காவின் ஒரு பகுதியை மாடு வளர்ப்புக்குக் கொடுக்கும் யோசனை அப்போது அரசிடம் இருந்தது. வெறும் காடாக இருந்தால் நிலம் போய்விடும், காடே சம்பாதித்துக் கொடுத்தால் அரசே அதைக் காப்பாற்றும் என்பது இவர்கள் கணக்கு. அதற்கான வழிதான் அளவோடு நடத்தும் கொரில்லா சுற்றுலா.

டயான் கடுமையாக எதிர்த்தார். மனிதர்களின் நோய் தொற்றும், விலங்குகளின் இயல்பு கெடும், இன்றைக்கே கண்ணியை அகற்றாமல் நாளைய வருமானம் பேசிப் பயன் இல்லை என்பது அவர் நிலைப்பாடு.

1983-ல் அவருடைய புத்தகம் கொரில்லாஸ் இன் தி மிஸ்ட் வெளிவந்தது. புகழ் கூடியது, எதிரிகளும் கூடினார்கள். 1985 டிசம்பர் 26 இரவு, கரிசோகே குடிசையில் டயான் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 53. அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் நாட்டைவிட்டுப் போன பிறகு, அவர் இல்லாமலேயே விசாரணை நடத்தி ருவாண்டா நீதிமன்றம் தண்டனை அறிவித்தது. அவர் குற்றத்தை மறுத்தார். கொன்றது யார் என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. டிஜிட்டின் பக்கத்திலேயே டயானை அடக்கம் செய்தார்கள்.

அப்போ, யார் சொன்னது சரி?

எண்களைப் பார்ப்போம். 1980-களின் தொடக்கத்தில் விருங்கா மலையில் மிஞ்சியிருந்தவை சுமார் 250 கொரில்லாக்கள். 2015-16 கணக்கெடுப்பில் அது 604. உகாண்டாவின் ப்விண்டி காட்டையும் சேர்த்தால் உலகில் மொத்தம் 1,063. அழிவின் விளிம்பில் என்ற பட்டியலிலிருந்து 2018-ல் ஒரு படி இறக்கப்பட்டது இந்த இனம். 1994 இனப்படுகொலை, அதைத் தொடர்ந்த போர், கரிசோகே முகாமே தரைமட்டமானது என எல்லாவற்றையும் தாண்டி இது நடந்திருக்கிறது.

சுற்றுலா வருமானம் இல்லாமல் இது நடந்திருக்காது. ருவாண்டாவில் பூங்கா வருமானத்தில் 10 சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது. அந்த வகையில் டயான் கணித்தது தவறு. ஆனால் கொரில்லாக்கள் மனிதரைப் பார்த்து ஓடாமல் இருக்க அவர் காட்டிய வழி இல்லாமல் சுற்றுலாவே இல்லை. தினமும் கண்ணி அகற்றும் ரோந்து இல்லாமல் பார்க்க கொரில்லாவும் இல்லை. நோய் பற்றி அவர் பயந்ததும் நியாயம்தான். நம்ம சாதாரண சளியே கொரில்லாவுக்கு எமனாகலாம். ஒரு மணி நேரம், 8 பேர், மாஸ்க், இடைவெளி என்ற கண்டிஷன்கள் எல்லாம் அதற்காகத்தான்.

போறதா இருந்தா...

மழை குறைவான ஜூன் முதல் செப்டம்பர், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல நேரம். பெர்மிட்டைப் பல மாதம் முன்னாடியே எடுத்துவிடுவது பாதுகாப்பு. தலைநகர் கிகாலியிலிருந்து சாலை வழியே சில மணி நேரத்தில் முசான்ஸே வந்துவிடலாம். அங்கிருந்து கினிகி பூங்கா அலுவலகம் பக்கம். முட்செடியும் சேறும் அதிகம், நல்ல பூட்ஸும் கையுறையும் கட்டாயம். பை தூக்க ஊர்க்காரர் ஒருவரைப் போர்ட்டராக வைத்துக்கொண்டால் அவருக்கும் வருமானம்.

கையில் இன்னொரு நாள் இருந்தால் கரிசோகேவுக்கும் ஏறிப் போகலாம். அந்த ட்ரெக்கிங்கில் கொரில்லா பார்க்க உத்தரவாதம் இல்லை. மேலே இருப்பது இடிந்த முகாமும், வரிசையாகக் கொரில்லாக்களின் கல்லறைகளும்தான். அந்த வரிசையில் டிஜிட்டுக்குப் பக்கத்தில் இருப்பது டயானுடையது. அவர் வர வேண்டாம் என்று சொன்ன பயணிகள்தான் இன்று அங்கே போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வருகிறார்கள்.