கொழும்புக்கும் திருகோணமலைக்கும் குண்டுகளோடு வந்தவர்

பேர்ள் துறைமுகத் தாக்குதலை வானிலிருந்து வழிநடத்தியவர் என்றே மிட்சுவோ புச்சிடாவை உலகம் அறியும். 1902இல் ஜப்பானின் நாராவில் பிறந்தவர். அந்தத் தாக்குதல் நடந்து நான்கு மாதங்களில் இலங்கை வானத்துக்கும் வந்தார். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை கொழும்பு. 9ஆம் திகதி திருகோணமலை. ஜப்பானிய விமானங்கள் தலைக்கு மேல் வந்த பிறகுதான் இரத்மலானையிலிருந்து பிரித்தானிய 30ஆம் படையணியின் ஹரிகேன்கள் கிளம்பின. பல திரும்பவில்லை. அந்தப் படையணி பின்னர் மாத்தளை மாவட்டத்தின் தம்புள்ளையில் நிலைகொண்டது. பக்கத்தில் சிகிரியாவிலும் போர்க்கால ஓடுபாதை எழுந்தது. அங்கே இன்று இலங்கை விமானப்படை இருக்கிறது.

அதே ஆண்டு ஜூனில், மிட்வே சமரில், புச்சிடாவின் கால்கள் முறிந்தன. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுவதற்கு முதல்நாள்தான் அந்நகரை விட்டுப் போயிருந்தார்.

போருக்குப் பிறகு அவர் கையில் ஒரு துண்டுப்பிரசுரம் கிடைத்தது. எழுதியவர் ஜேக்கப் டிஷேசர்: ஜப்பான் மீது குண்டு வீசிப் பிடிபட்டு, 40 மாதங்கள் ஜப்பானியரிடம் சிறையிருந்த அமெரிக்கர். வதைத்தவர்களை மன்னித்த கதை அது. புச்சிடா கிறிஸ்தவரானார், தான் தாக்கிய அமெரிக்காவிலேயே ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார்.

பதுங்குகுழிக்குள் கிபிர் சத்தம் கேட்டிருந்த நமக்கு, குண்டு வீசியவரின் மனமாற்றம் இலேசில் இறங்காது. மன்னிப்பைப் பற்றி முதலில் பேசியவர் சிறையில் வதைபட்டவர் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். புச்சிடா 1976இல் ஜப்பானில் இறந்தார்.