சுருட்டை முடியை நேராக்கிய தையற்காரர்

அமெரிக்காவில் கிளீவ்லாந்து என்று ஒரு பெரிய நகரம். அங்கே ஒரு வீட்டில் நாய் ஒன்று வளர்ந்தது. ஏர்டேல் என்ற இனத்து நாய். அந்த இன நாய்களுக்கு உடம்பு முழுவதும் கம்பி போன்ற சுருட்டை முடி இருக்கும்.

ஒரு நாள் அந்த நாய் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியது. வளர்த்தவருக்கே அதை அடையாளம் தெரியவில்லை! சுருட்டை எல்லாம் போய், முடி நேராகப் படிந்திருந்தது. யார் வீட்டு நாயோ என்று எண்ணி அவர் அதை விரட்டினாராம்.

பக்கத்து வீட்டில் இருந்தவர் ஒரு தையற்காரர். தாம் கண்டுபிடித்த மருந்தை அவர் அந்த நாயின் மேல் தடவிப் பார்த்திருந்தார்.

அவர் பெயர் கேரெட் மார்கன். கறுப்பர் இனத்தைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் ஏரிக்கு அடியில் நச்சுப் புகைக்குள் புகுந்து மனித உயிர்களைக் காப்பாற்றியவரும் அவரேதான்.

அடிமைகளின் பிள்ளை

மார்கன் 1877-ம் ஆண்டு மார்ச் 4-ந்தேதி பிறந்தார். கெண்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்று ஓர் ஊர் உண்டு. (பிரான்சு நாட்டின் தலைநகரம் அல்ல, அதே பெயர் கொண்ட சிற்றூர்.) அந்த ஊரை ஒட்டிய கிளேஸ்வில் என்ற கறுப்பர் குடியிருப்பில்தான் அவர் வீடு இருந்தது.

தாயும் தந்தையும் முன்பு அடிமைகளாக இருந்தவர்கள். விடுதலை கிடைத்த பிறகு விவசாயம் செய்து பிழைத்தார்கள். வீட்டில் 11 குழந்தைகள். மார்கன் ஏழாவது பிள்ளை.

ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினான்கு வயது அளவில் வேலை தேடி சின்சினாட்டி நகருக்குப் போனார். எடுபிடி வேலை கிடைத்தது.

கையில் வந்த கூலி மிகக் கொஞ்சம். அதிலும் ஒரு பகுதியை எடுத்து, ஒரு வாத்தியாரை அமர்த்திக்கொண்டு இலக்கணம் படித்தார். பள்ளிக்கூடம் விட்டுப் போனாலும் படிப்பை அவர் விடவில்லை.

1895-ல் கிளீவ்லாந்து வந்து சேர்ந்தார். துணி தைக்கும் தொழிற்சாலைகள் நிறைந்த நகரம் அது. தையல் எந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்தார். எந்திரத்தைப் பிரித்துப் போட்டுப் பூட்டுவதில் அவருக்கு நிகர் இல்லை என்று பெயர் வந்தது.

1907-ல் சொந்தக் கடை வைத்தார். 1908-ல் மேரி என்ற பெண்ணை மணந்தார். மேரி ஐரோப்பாவிலிருந்து குடியேறிய வெள்ளைக்காரப் பெண். தையல் தெரிந்தவர். கறுப்பரை வெள்ளைக்காரப் பெண் மணப்பது அந்தக் காலத்தில் சாதாரணக் காரியம் அல்ல. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது சட்டப்படி குற்றமாகவே இருந்தது. ஒஹையோ மாநிலத்திலோ அந்தத் தடை 1887-லேயே நீங்கியிருந்தது.

1909-ல் கணவனும் மனைவியும் ஒரு தையற்கூடம் தொடங்கினார்கள். அதில் 32 பேர் வேலை செய்தார்கள்.

கை துடைத்த துணி

தையல் எந்திரத்தின் ஊசி மிக வேகமாக ஏறி இறங்கும். அதனால் சூடேறும். கம்பளித் துணி தைக்கும்போது அந்தச் சூட்டில் நூலும் துணியும் கருகிவிடும். இது பெரிய தொல்லை.

ஊசியில் ஏதாவது ஒரு வழவழப்பான திரவம் தடவினால் சூடு குறையுமா என்று மார்கன் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு நாள் சாப்பாட்டு நேரம் ஆயிற்று. கையில் இருந்த மருந்தைப் பக்கத்தில் கிடந்த ஒரு துணியில் துடைத்துவிட்டுப் போனார். அது மட்டக் குதிரையின் முடி கொண்ட துணி.

திரும்பி வந்து பார்த்தபோது, அந்தத் துணியில் சுருண்டு கிடந்த முடி நேராக நிமிர்ந்திருந்தது!

வேறு ஒருவராக இருந்தால் துணி கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்திருப்பார். மார்கன் நாயைத் தேடிப் போனார். நாய்க்குப் பிறகு தம் தலையிலேயே கை வைத்தார். முதலில் கொஞ்சம் முடியில் தடவினார். ஒரு கெடுதலும் இல்லை என்று கண்டபின் தலை முழுவதும் தடவினார். அவருடைய சுருட்டை முடி நேராகிப் படிந்தது.

அதைக் களிம்பாகச் செய்து, 1913-ல் தம் பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கி விற்றார். அதோடு நரைக்குக் கறுப்புச் சாயமும், வளைந்த பற்கள் கொண்ட ஒரு சீப்பும் விற்பனைக்கு வந்தன.

முடிக்கு ஏன் இத்தனை மதிப்பு?

நம் ஊரில் சுருட்டை முடி அழகு என்பார்கள். அப்படி இருக்க, அதை நேராக்க ஏன் இந்தப் பாடு என்று தோன்றலாம்.

கறுப்பர்களின் முடி நெருக்கமாகச் சுருண்டு வளர்வது. அது இயற்கை. ஆனால் அடிமைத்தனம் ஒழிந்த பிறகும், வெள்ளைக்காரர் முடியைப் போல நேராகவும் பளபளப்பாகவும் இருப்பதே நாகரிகம் என்ற எண்ணம் அந்த நாட்டில் வேரூன்றி இருந்தது. வேலை கேட்டுப் போகும் இடத்தில் முதலில் முகத்தையும் முடியையும்தான் பார்த்தார்கள். வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அதைப் பொறுத்தே இருந்தது. பிழைப்புக்காகவே பலர் தலைமுடியை மாற்றிக்கொண்டார்கள்.

கறுப்பர் தலைவர்கள் சிலர் இதைக் கண்டித்தார்கள். இயற்கை கொடுத்த முடிக்கு வெட்கப்படலாமா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் வேலை கொடுக்கும் முதலாளி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லையே!

அப்போது சூடான இரும்புச் சீப்பால் முடியை இழுத்து நேராக்கும் பழக்கம் பரவியிருந்தது. தண்ணீர் பட்டாலும் வியர்த்தாலும் முடி பழையபடி சுருண்டுவிடும். வேறு சிலர் துணி வெளுக்கும் காரத்தோடு உருளைக்கிழங்கும் முட்டையும் கலந்து வீட்டிலேயே பூச்சு தயாரித்தார்கள். அது தலைத்தோலைப் பொசுக்கியது. அந்த எரிச்சலைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்கள்.

முடி எப்படி நேராகிறது?

முடி கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. நம் நகமும் அதனால் ஆனதுதான். முடிக்குள் புரத இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் கட்டி வைத்திருக்கின்றன. ஏணியின் குறுக்குச் சட்டங்களைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். சுருட்டையைச் சுருட்டையாகப் பிடித்து வைப்பதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

காரச் சத்துள்ள களிம்பைத் தடவினால் முடி ஊறிப் பருக்கும். குறுக்குச் சட்டங்கள் உடையும். அந்த நேரத்தில் சீப்பால் நேராக நீவிவிட்டு, களிம்பைக் கழுவி, காரத்தை முறிக்கும் ஷாம்பு போட்டால் முடி அப்படியே நேராக நின்றுவிடும். தண்ணீர் பட்டாலும் சுருளாது.

ஆனால் வேரிலிருந்து புதிதாக வளரும் முடி சுருட்டையாகத்தான் வளரும். ஆகையால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை புது முடிக்கு மட்டும் மறுபடி பூச வேண்டும். நேரான முடி மேல் திரும்பப் பூசினால் அது இற்று ஒடிந்துவிடும்.

பளபளப்பு வருவது அதற்குப் பிறகு செய்யும் பராமரிப்பில்தான். காரம் பட்ட முடியில் எண்ணெய்ப் பசையும் ஈரமும் குறைந்துவிடும். அதனால் குளித்தபின் மிருதுவாக்கும் களிம்பு போட்டு, ஈர முடியைப் பெரிய உருளைகளில் சுற்றி உலர்த்துவார்கள். முடியின் மேல்தோல் மீன் செதிலைப் போன்றது. செதில்கள் படிந்திருந்தால் வெளிச்சம் பட்டு முடி மின்னும். நிமிர்ந்திருந்தால் மங்கித் தெரியும். இரவில் முடியைத் தலையைச் சுற்றி வாரிப் படியவைத்து, அதன் மேல் பட்டுத் துணி கட்டித் தூங்குவார்கள். பருத்தித் தலையணை உராய்ந்தால் செதில் கலையும். பட்டு வழுக்கிக்கொண்டு போகும். இதெல்லாம் கறுப்பர் வீடுகளில் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்த பழக்கம்.

இந்த அழகுக்கு ஆபத்தும் உண்டு. 2022-ல் அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சியாளர்கள் 33,497 பெண்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். முடியை நேராக்கும் மருந்துகளை ஆண்டில் நான்கு முறைக்கு மேல் உபயோகித்த பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் இரு மடங்குக்கு மேல் காணப்பட்டது. மருந்துதான் காரணம் என்று அதனால் முடிவாகிவிடவில்லை. ஆனாலும் பலர் அதன்பின் யோசிக்கத் தொடங்கினார்கள்.

முகமூடி

மார்கனின் களிம்பு நன்றாக விற்றது. பணம் சேர்ந்தது. கார் வாங்கினார். அந்தப் பணம்தான் அவருடைய அடுத்த முயற்சிக்குக் கைகொடுத்தது.

தீப்பிடித்த கட்டிடத்தில் தீயணைப்புக்காரர்கள் நெருப்பைவிடப் புகையாலேயே அதிகம் மயங்கி விழுந்தார்கள். புகை மேலே எழும். தரையை ஒட்டிக் கொஞ்சம் நல்ல காற்று தங்கியிருக்கும். இதை மார்கன் கவனித்தார். தலையை மூடும் ஒரு முகமூடி செய்து, அதிலிருந்து தரை வரை குழாய் தொங்கவிட்டார். குழாயின் முனையில் நனைத்த கடற்பஞ்சு. அது புகையை வடிகட்டி, காற்றைக் குளிர்வித்தது. 1914-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

முடிக்களிம்பை வாங்கியவர்கள் கறுப்பர்கள். முகமூடியை வாங்க வேண்டியவை நகரசபைகள். அங்கே அதிகாரத்தில் இருந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். கறுப்பர் செய்த கருவி என்று தெரிந்தால் வாங்க மாட்டார்கள்!

ஆகவே மார்கன் வேஷம் போட்டார். செவ்விந்தியத் தலைவர் போல உடை உடுத்திக்கொண்டு, வேறு பெயர் சொல்லி ஊர் ஊராகப் போனார். நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு கூடாரத்துக்குள் தாரும் கந்தகமும் சாணமும் போட்டு நெருப்பு வைத்தார்கள். மூச்சுத் திணறும் அந்தப் புகைக்குள் முகமூடியோடு நுழைந்து, 20 நிமிடம் இருந்துவிட்டுச் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார். தம் கருவியை விற்கத் தம்மையே மறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஏரிக்கு அடியில்

1916-ம் ஆண்டு ஜூலை 24-ந்தேதி இரவு. ஈரி ஏரிக்கு அடியில் கிளீவ்லாந்து நகரின் குடிநீருக்காகச் சுரங்கப் பாதை தோண்டிக்கொண்டிருந்தார்கள். திடீர் என்று எரிவாயு வெடித்தது. தொழிலாளர்கள் உள்ளே சிக்கிக்கொண்டார்கள்.

காப்பாற்ற ஒரு கூட்டம் இறங்கியது. நச்சுக் காற்றில் மயங்கி விழுந்தது. அடுத்த கூட்டம் இறங்கியது. அதற்கும் அதே கதிதான்.

அப்போதுதான் யாரோ ஒருவருக்கு மார்கனின் முகமூடி நினைவுக்கு வந்தது. நள்ளிரவு கடந்து ஆள் அனுப்பினார்கள். மார்கன் தூங்கிக்கொண்டிருந்தார். இரவு உடையிலேயே, சகோதரர் பிராங்கையும் கூட்டிக்கொண்டு, முகமூடிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

முன்பு இறங்கியவர்களில் பலர் உயிரோடு திரும்பவில்லை. கூடி நின்ற பலருக்குத் தயக்கம். மார்கனும் சகோதரரும் இறங்கினார்கள். துணைக்கு வேறு சிலரும் இறங்கினார்கள்.

கும்மிருட்டு. சேறு. தடவித் தடவிப் போய், ஒருவரைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார் மார்கன். உயிர் இருந்தது! மறுபடி இறங்கினார். மறுபடியும் இறங்கினார். உயிரோடு மீண்டவர்கள் இரண்டு பேர். மற்றவர்களின் உடல்கள்தான் கிடைத்தன. ஏறக்குறைய 20 பேர் அந்த விபத்தில் மாண்டார்கள்.

கிடைக்காத பரிசு

துணிச்சலாக உயிர் காத்தவர்களுக்குப் பரிசு கொடுக்க கார்னகி நிதி என்று ஒன்று இருந்தது. சுரங்கத்தில் இறங்கிய வேறு சிலருக்குப் பரிசு கிடைத்தது. மார்கனுக்கு இல்லை. பல பத்திரிகைகள் அவர் பெயரையே போடவில்லை.

நகர மக்கள் சிலர் கூடி அவருக்கு வைரம் பதித்த தங்கப் பதக்கம் ஒன்று அளித்தார்கள். ஆனால் நகராட்சி அவரை மறந்தது. 1917-ல் அவர் மேயருக்கு ஒரு கடிதம் எழுதி, தமக்கு நேர்ந்த அநீதியை வெளிப்படையாகக் கேட்டார்.

விபத்துச் செய்தியோடு அவர் படமும் சில பத்திரிகைகளில் வந்தது. முகமூடியைச் செய்தவர் கறுப்பர் என்பது வெளியே தெரிந்துபோயிற்று. அதன்பின் சில ஊர்கள் ஆர்டரை ரத்து செய்துவிட்டன. உயிர் காத்த செய்தியே வியாபாரத்துக்கு வினையாக முடிந்தது.

மார்கன் ஓயவில்லை. முடிக்களிம்பு விற்பனை தொடர்ந்தது. அதை நிறுத்த எந்த நகரசபையாலும் முடியாது அல்லவா? 1920-ல் கறுப்பர்களுக்காக ஒரு பத்திரிகை தொடங்கினார். 1923-ல் போக்குவரத்து கைகாட்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பே நாற்சந்திகளில் மின்விளக்குகள் உண்டு. ஆனால் "நில்", "போ" என்ற இரண்டுக்கும் நடுவே எல்லா வண்டிகளையும் சற்று நிறுத்தும் மூன்றாவது நிலையை மார்கனின் கைகாட்டி காட்டியது. அந்த உரிமையை ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனிக்கு 40 ஆயிரம் டாலருக்கு விற்றதாகக் கூறுவார்கள். 1931-ல் நகரசபைத் தேர்தலில் நின்றார். வெற்றி கிடைக்கவில்லை.

1943-ல் கண்ணில் நீரழுத்த நோய் கண்டு, பார்வை பெரும்பாலும் போயிற்று. அதன்பின் 20 ஆண்டுகள் வாழ்ந்தார். 1963-ம் ஆண்டு ஜூலை 27-ந்தேதி கிளீவ்லாந்தில் காலமானார். வயது 86. அமெரிக்காவில் அடிமை விடுதலைப் பிரகடனம் வெளியாகி நூறாண்டு நிறைந்த ஆண்டு அது.

1991-ல் கிளீவ்லாந்து நகரம் தன் குடிநீர் நிலையம் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது. ஈரி ஏரியிலிருந்து சுரங்கம் வழியாக வரும் தண்ணீரைச் சுத்தம் செய்து வீடுகளுக்கு அனுப்பும் நிலையம் அது.