ஆசப் ஹால்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கனெக்டிகட் மாகாணத்துக் கோஷன் என்னும் ஊரில் 1829-ஆம் ஆண்டு பிறந்தவர் ஆசப் ஹால். பதின்மூன்றாம் வயதில் தந்தையை இழந்த அவர், தச்சுத் தொழில் பயின்று பிழைத்தார். பின்னர்க் கல்வி வேட்கையாற் கல்லூரி புகுந்து, அங்கே தமக்குக் கணிதம் கற்பித்த ஆஞ்சலின் ஸ்டிக்னி அம்மையாரை 1856-இல் மணந்தார்.

செவ்வாய்க்குச் சந்திரன் இல்லை என்றே அக்காலத்தார் பலரும் எண்ணியிருந்தனர். 1877-ஆம் ஆண்டு அக்கோள் பூமியை நெருங்கிவர, ஹால் வாஷிங்டன் கடற்படை வானாராய்ச்சி நிலையத்து 26 அங்குலத் தொலைநோக்கி கொண்டு தேடலானார். கோளின் பேரொளி கண்ணைக் கூசச் செய்தது. உழைத்த இரவுகள் வீணாயின. முயற்சியைக் கைவிடக் கருதியவரை அம்மையார் மீண்டும் செல்லத் தூண்டினார். ஆகஸ்டு மாதத்து ஓரிரவில் ஒளிப்புள்ளி ஒன்று தென்பட்டது. உடனே பொட்டோமாக் ஆற்று மூடுபனி அதனை மறைத்தது. எனினும் அவர் தளர்ந்திலர். ஒரு வாரத்துள் டைமாஸ், போபாஸ் என்னும் இரு சந்திரர்களும் புலனாயின.

ஹால் 1907-இல் காலமானார். 1971-இல் செவ்வாயை அடைந்த மாரினர் 9 என்னும் ஆளில்லா விண்கலம் போபாஸைப் படம்பிடித்து அனுப்பியது. அப்படங்களிற் கண்ட, ஏறக்குறைய 9 கிலோமீட்டர் அகன்ற மிகப் பெரிய குழிக்கு ஸ்டிக்னி என்று பெயரிட்டனர். ஹால் பெயர் பூண்ட குழியோ அதனினும் சிறியது. கண்டவரினும் காணத் தூண்டியவர்க்குப் பெரியது வாய்த்தமை தகுதியே அன்றோ!