விக்டர் ஹார்ஸ்லி

இலண்டன் மாநகரில் 1857 ஆம் ஆண்டு பிறந்த விக்டர் ஹார்ஸ்லி, அறுவை மருத்துவத்தில் புகழ் பெற்றவர். உடலின் உட்புறத்தைக் காட்டும் எக்ஸ் கதிர்கள் 1895 இல்தான் கண்டறியப்பட்டன. அதற்கு எட்டாண்டுகள் முன்னரே, கால்கள் செயலிழந்து கடும் வலியால் துடித்த ஒருவரை மருத்துவர் வில்லியம் கவர்ஸ் ஆராய்ந்தார். உணர்ச்சி அற்ற பகுதியின் எல்லையைக் கொண்டே, தண்டுவடத்தைக் கட்டி அழுத்தும் இடத்தைக் கணித்தார். ஹார்ஸ்லியின் துணையை நாடினார்.

1887 சூன் 9 அன்று ஹார்ஸ்லி முதுகெலும்பைத் திறந்தார். கட்டி காணப்படவில்லை. எனினும் முயற்சி கைவிடப்படவில்லை. மேலேயிருந்த எலும்பும் அகற்றப்பட்டது. கட்டி அங்கே இருந்தது! அதனை நீக்கினார். நோயாளி மீண்டும் நடந்தார்.

முதல் உலகப் போரில் மருத்துவப் பணியாற்றிய ஹார்ஸ்லி, 1916 இல் மெசப்பொத்தேமியாவில் உயிர் நீத்தார். இன்று காந்த அதிர்வுப் படமும் அறுவை நுண்ணோக்கியும் கட்டியைக் காட்டுகின்றன. அவை தோன்றுமுன் அறிவே மருத்துவர்க்குக் கண்ணாயிற்று.